செத்தவன் ஓட்டிப்போன வீடு

என் தங்கை நெல்லியின் புருஷன் செத்திருந்த அந்த ஒரு வருஷத்தில் ஒரு தேன் அழிப்புக்குக்கூட வராமல் இருந்ததில்லை. எங்களுக்கு முன்னாலேயே பாறைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவான், புகை போடப் பச்சைத் தழை ஒடித்து வைத்திருப்பான், நாங்கள் அவனைப் பார்க்காதது போலவே அந்தத் தழையை எடுத்துக்கொள்வோம், பங்கு பிரிக்கும்போது அவன் பங்கைத் தேக்கிலையில் வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்போம், அவன் விரலை நக்கியபடி "இந்த வருஷம் வேங்கைப் பூ வாசம் தூக்கலா இருக்கு" என்பான், செத்தவர் பேச்சு உயிரோடு இருக்கிறவர் காதில் விழக்கூடாது என்பதால் நாங்களும் அது ஏதோ காற்றடித்த சத்தம் என்கிற மாதிரி இருந்துகொள்வோம். கீழே பண்ணைப்பட்டியில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் வீடுகள் நின்ற இடத்திலேயே நின்று சாகிறவை, அவர்களுக்கு எப்படித் தெரியும். அவன் பேரை இப்போது சொல்ல மாட்டேன். இந்தக் கதையில் அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே வந்ததும் சொல்கிறேன்.

நாங்கள் அடவியர். ஊசிப்பாறை மலையில் ஒரே பந்தியில் உட்கார்ந்து எழுந்துவிடக்கூடிய அளவுதான் இருக்கிறோம். தேன் எடுப்போம், கடுக்காய் பொறுக்குவோம், கிழங்கு தோண்டுவோம், ஏலத்தோட்டத்தில் ஆள் கேட்டால் களை வெட்டப் போவோம். யாராவது சண்டைக்கு வந்தால் எழுந்து போய்விடுவோம், அதனால் எங்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று ஒரு பேர் உண்டு. பிள்ளை பிறந்தால் மரத்தின் பேரோ கொடியின் பேரோ பறவையின் பேரோ பிராணியின் பேரோ வைப்போம், அதில் ஆண் பேர், பெண் பேர் என்று பிரிவினை கிடையாது. என் பேர் வாகை. எனக்கு முன்னால் இந்தப் பேரை வைத்திருந்தவர் பெரிய மீசைக்காரராம், பெண்ணாய்ப் பிறந்த நான் கோபப்பட்டால் அவரை மாதிரியே மேலுதட்டைத் தடவுகிறேன் என்று இன்றைக்கும் கேலி செய்வார்கள்.

எங்கள் வழக்கத்தில் வீடு என்பது சும்மா நிற்கிற சாமான் இல்லை. பொழுது சாய்ந்ததும் அது தன் ஆட்களை எண்ணிப் பார்க்கும். ஒரு மூச்சு குறைந்தால் காத்திருக்கும். வீடு காத்திருக்கிற வரைக்கும் செத்தவரும் கிளம்ப மாட்டார், வாசலையே சுற்றுவார், கஞ்சிப் பானையை எட்டிப் பார்ப்பார், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும். அதனால் ஒருவர் செத்தால் அந்த வீட்டில் மிச்சம் இருக்கிறவர் கூரையைத் தாங்குகிற நடுக்காலில் உள்ளங்கையை வைத்து, இன்னார் செத்தாச்சு, இனி வரமாட்டார், காத்திருக்காதே என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் அது கேட்காது. சொன்ன பிறகு அந்தப் பேரை யாரும் வாயில் எடுப்பதில்லை. இந்தக் கரையில் புதைத்துவிட்டு ஓடையைத் தாண்டி அந்தக் கரையில் புதுக் குடிசை போடுவோம், பழைய குடிசை மட்கி மண்ணாகும். அதற்கப்புறம் அந்த வீட்டு ஆட்களுக்கு எந்தப் பிள்ளை முதலில் பிறக்கிறதோ அதற்கு அந்தப் பேர். பேர் பிள்ளைக்குப் போகிற அன்றைக்குச் செத்தவர் முழுசாக முடிந்துபோவார். அதுவரைக்கும் இலையில் சோறு உண்டு, பிறகு கிடையாது.

இப்படி இருந்த எங்களுக்கு அரசாங்கம் தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்தது. வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கும் வாய் வரவில்லை, ஒழுகாத கூரை யாருக்குத்தான் கசக்கும். எங்கள் தலைவர் கடுவன் மூப்பர் மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நடுக்கால் எங்கங்க?" என்று ஓவர்சியரிடம் கேட்டார்.

"சிமெண்ட் வீட்டுக்கு எதுக்குய்யா நடுக்கால்? நூறு வருஷமானாலும் இருந்த இடத்தை விட்டு அசையாது" என்றார் அவர், பெருமையாக. மட்கவும் செய்யாத வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்வது என்று அன்றைக்கு விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தோம்.

முதல் சாவு ஈட்டி மரத்தின் பேர் வைத்திருந்த ஈட்டி என்கிற பெரியவருடையது. அந்தப் பேர் இப்போது ஒரு மூக்கொழுகிப் பயலிடம் இருப்பதால் தாராளமாகச் சொல்லலாம். அவர் மனைவி சுரை வீட்டுக்குள் நடுக்காலைத் தேடிப் பார்த்தாள், இல்லை, கடைசியில் காலண்டர் மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில் வெறும் சுவரில் கையை வைத்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். புதைத்துவிட்டு நாங்கள் மூங்கிலும் புல்லும் சுமந்துகொண்டு ஓடையைத் தாண்டப் போனபோது வனக்காவலர் சேதுராமன் எதிரே வந்து நின்றார். "அந்தக் கரை காப்புக்காடு. ஒரு குச்சி நட்டாலும் கேஸ் ஆயிரும், சொல்லிப்புட்டேன்." எழுந்து போவதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, அன்றைக்குப் போகவும் இடமில்லை. செத்த வீட்டுக்குள் நுழையவும் முடியாமல், ஓடையைத் தாண்டவும் முடியாமல், சுரையோடு நாங்கள் எல்லோரும் தூறலில் பாயைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான், விடிகிற நேரத்தில், மாடு எழுந்திருக்கிற மாதிரி முதலில் பின்பக்கத்தைத் தூக்கி, பிறகு முன்பக்கத்தைத் தூக்கி, மேலே ஒட்டியிருந்த மண்ணை உதறிக்கொண்டு, சுரையின் வீடு எழுந்தது. எங்களைச் சுற்றிக்கொண்டு இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர் மேட்டில் ஏறி, ஈட்டியைப் புதைத்த இடத்துக்கு முதுகைக் காட்டி ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்துகொண்டது.

"கேட்டிருக்கு பாத்தீங்களா. நாமதான் சிமெண்ட்டுக்குக் காது இல்லன்னு நெனச்சிட்டோம்" என்றாள் சுரை. எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அத்தனை மாசமாக அந்த வீடுகளோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறோம்.

பிறகு எல்லாம் பழகிப்போனது. மனுஷர் ஓடையைத் தாண்டி வீடு கட்டினால் கேஸ் போடலாம், வீடே நடந்து போனால் யார் மேல் போடுவது என்று சேதுராமன் சார் மேலே கேட்டார், மேலே இருந்தவர்கள் இன்னும் மேலே கேட்டார்கள், பதில் இன்றுவரை வந்து சேரவில்லை. ஓவர்சியர் வந்து பார்த்து மண் சரிவு என்று சொல்லிவிட்டுப் போனார். மண் மேட்டுப் பக்கமாகச் சரியாது என்று அவ்வளவு தூரம் மூச்சு வாங்க ஏறி வந்த மனுஷரிடம் எப்படிச் சொல்வது, மோர் கொடுத்து அனுப்பினோம். கரண்ட் வேலைக்கு வருகிறவர் கம்பியை நீளமாக விட்டுச் சுருட்டி வைத்தார். வீடு எழுந்த குழியில் மழைத்தண்ணீர் தேங்கித் தவளை குடியேறியது. கதவு நிலையில் ஆட்டைக் கட்டக்கூடாது, பூசணிக் கொடியைச் சுவரில் இறுக்கிப் படரவிடக்கூடாது, மேலும் தண்ணீர்க் குடத்தை விளிம்பில் வைக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்தது. சாவு விழுந்தால் வீடு எழும், செத்தவர் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகும், அவ்வளவுதான் விஷயம்.

நெல்லிக்குப் பேறுகாலம் நெருங்கிய ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அவள் வீட்டில் இரண்டே பேர், அவளும் அவனும். அவன் சரியான வாயாடி, தேனீ கொட்டினால்கூட அதனோடு பேச்சுக் கொடுக்கிறவன், என் தங்கை அந்தப் பேச்சுக்குத்தான் மயங்கினாள் என்று எனக்குத் தெரியும். வலி கண்ட அன்று காலையில் பண்ணைப்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற தடம் பெரிய பள்ளத்தில் சரிந்து கிடந்தது. வழக்கமாகக் கம்பில் போர்வையைக் கட்டித் தொட்டில் மாதிரி தூக்கிக்கொண்டு ஓடுவோம். அன்றைக்குக் கால் வைக்கவே தடம் இல்லை, வழியில் குறுக்கே ஓடுகிற கொடியோடை இரு கரையும் கொள்ளாமல் போனது. இந்த மலைக்கு ஒரு பாதை போட்டுத் தாருங்கள் என்று நாங்கள் கேட்காத ஆள் இல்லை. வீடு கொடுத்தாயிற்றே என்பார்கள்.

"பிள்ளை குறுக்க கெடக்கு" என்றாள் பேறு பார்க்கிற மைனா சித்தி. "திருப்பிப் பாத்துட்டேன், திரும்ப மாட்டேங்குது. இது என் கைக்குள்ள இல்லடி வாகை. ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் ரெண்டும் பொழைக்கும்."

அவன் வாசலில் நின்று சுவரைத் தட்டிக்கொண்டிருந்தான். "இது பள்ளத்தையும் தாண்டும், ஓடையையும் தாண்டும். இதையே கூட்டிட்டுப் போயிருவோம் மூப்பரே."

"சாவு இருந்தாத்தான்பா அது எந்திரிக்கும். கெஞ்சினா எந்திரிக்காது" என்றார் கடுவன் மூப்பர். பிறகு அவரே, "எனக்கும் வயசாச்சு. நெல்லி, கடுவன் செத்துட்டான்னு சொல்லும்மா" என்றார். அவரைக் கும்பிட வேண்டும் போல் இருந்தது எனக்கு. நெல்லி சுவரில் கை வைத்துச் சொன்னாள். வீடு சும்மா இருந்தது. அதற்கு அவர் மூச்சு தெரியாது, அவர் எப்போது அங்கே படுத்து எழுந்தார்.

அந்த வீட்டுக்குத் தெரிந்தது இரண்டே மூச்சு. நாங்கள் எல்லோரும் அவனைத்தான் பார்த்தோம்.

"நான் இருக்கேன்ல" என்றான் அவன், கடைக்குப் போக ஆள் கேட்ட மாதிரி.

"சொன்னா சொன்னதுதான்பா" என்றார் மூப்பர். எங்கள் ஆட்களுக்குச் சாவில் பொய் சொல்லத் தெரியாது, சொல்லிவிட்டால் அது பொய்யாக இருக்காது, அதுதான் சங்கடம். "உன் பேரு போயிரும். உன் வீடு உன்னக் கண்டா நகந்து ஓடும். எலையிலதான் உனக்குச் சோறு. பிள்ளையத் தொட முடியாது."

"பிள்ளை இருக்கும்ல?"

"இருக்கும்."

"அப்பச் சரி."

நெல்லி மாட்டேன் என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு, வியர்த்துக்கொண்டு, "என்னையச் சொல்லு. நான் செத்துட்டேன்னு நீ சொல்லு, வீடு எறங்கட்டும்" என்றாள்.

"செத்தவளுக்கு எந்த ஆஸ்பத்திரில வைத்தியம் பாப்பாங்க? கூறுகெட்டவளே" என்றான். அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது. அவன் அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினான், அவள் கையை எடுத்துச் சுவரில் வைத்தான், பின்கதவு வழியாக வெளியே போனான். நெல்லி அவன் பேரைச் சொன்னாள். செத்தாச்சு என்றாள், இனி வரமாட்டார் என்றாள், காத்திருக்காதே என்று சொல்லும்போது மட்டும் குரல் எழும்பவில்லை, உதடு மட்டும் அசைந்தது. வீட்டுக்கு அது போதுமாக இருந்தது.

வீடு எழுந்தது. நானும் மைனா சித்தியும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டோம், நெல்லியைப் பாயோடு எங்கள் காலுக்கு நடுவில் அணைத்துக்கொண்டோம். வெளியே பார்த்தால் அவன் மேட்டில் நிற்கிறான், மழை அவன் மேல் கொட்டுகிறது, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு "ஹோய்! ஹோய்!" என்று வீட்டைப் பார்த்து இறங்கி வருகிறான். தன் செத்தவனைக் கண்ட வீடு மிரண்டு கீழ்ப்பக்கம் ஓடியது. இடது பக்கம் பாறை என்றால் அவன் இடது பக்கம் ஓடி வந்து நிற்பான், வீடு வலதுக்கு ஒதுங்கும். வலது பக்கம் அதலபாதாளம் என்றால் அந்த விளிம்பிலேயே போய் நிற்பான், வீடு நடுவுக்கு வரும். முரட்டு மாட்டைத் தொழுவுக்கு ஓட்டுகிற மாதிரி, தன் பொண்டாட்டி பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு தன்னைக் கண்டு ஓடுகிற தன் வீட்டை, அவன் கத்திக் கத்திப் பள்ளத்தைத் தாண்ட வைத்தான், கொடியோடையை நீந்த வைத்தான், ஏலத்தோட்டத்து வேலியை மிதிக்காமல் வளைத்துக்கொண்டு போக வைத்தான், தார் ரோட்டில் ஏற்றினான். எதிரே வந்த பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு ஓரம் கட்டியது. டீக்கடையில் நின்றவர்கள் கண்ணாடித் தம்ளரோடு வெளியே வந்து, "மலையாளுங்க வீடு போல, பிரசவக் கேஸா இருக்கும்" என்று வழிவிட்டார்கள். நான் ஜன்னல் வழியாக அவனையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு தடவைகூட அவன் எங்களைப் பார்க்கவில்லை, வீட்டின் கால் இருக்கிற பக்கத்தையே பார்த்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் மறித்தார். "வீட்டை எல்லாம் இங்க நிறுத்தக்கூடாது. ஆம்புலன்ஸ் வர்ற வழி. வேப்பமரத்துப் பக்கம் போடச் சொல்லுங்க."

பொழுது சாய்வதற்குள் அறுத்துப் பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண் பிள்ளை. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியது, வாய் அப்பனுடையது.

"பிள்ளையோட அப்பா எங்கம்மா?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"செத்துட்டாரு" என்றாள் நெல்லி.

"அடக் கடவுளே. எப்பம்மா?"

"காலைலதான்."

நர்ஸம்மா கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நெல்லியின் தலையைத் தடவிக் கொடுத்தார், அன்றைக்கு அவளுக்குப் பாலும் ரொட்டியும் அதிகமாகவே கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே மதில் ஓரத்தில் அவன் சட்டையைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான், வாட்ச்மேன் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் சத்தம் கேட்டு அவன் ஒருதரம் எழுந்தான். மரத்தடியில் வீடு மிரண்டு ஓர் அடி பின்னால் போனது. அவன் மறுபடி உட்கார்ந்துகொண்டான். நான் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டுதான் அழுதேன்.

தையல் பிரித்த பிறகு வீட்டை மலைக்கு ஏற்றியதும் அவன்தான். வீட்டுக்குக் கீழ்ப்பக்கம் போய் நின்று, பண்ணைப்பட்டிப் பக்கமிருந்து மேலே விரட்டிக்கொண்டே வந்தான். ஊருக்குள் விட்டுவிட்டு ஓடைக்கு அந்தக் கரையில் போய் உட்கார்ந்தான், அங்கேயே புல்லில் ஒரு சாய்ப்பு இறக்கிக்கொண்டான். சேதுராமன் சார் வந்தார். "யாருய்யா அது காப்புக்காட்டுக்குள்ள?" என்று கேட்டார். "யாரும் இல்ல சார். செத்தவரு" என்றோம். அவர் அவனைப் பார்த்தார், அவன் அவருக்கு வணக்கம் வைத்தான், அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு வருஷம் அப்படித்தான் போனது. செத்தவர்களுக்கு வைக்கிற பாறையிலேயே அவனுக்கும் இலையில் சோறு வைத்தோம், அவன் சாப்பிட்டுவிட்டு உப்பு கம்மி என்பான், மறுநாள் யாரும் எதுவும் கேட்காத மாதிரி உப்பைக் கூட்டிப் போடுவோம். புருஷன் செத்தவள் புருஷனோடு பேசக்கூடாது, ஆனால் பிள்ளையோடு பேசலாம். நெல்லி சாயங்காலம் ஓடைக்கரையில் உட்கார்ந்து பிள்ளையை எதிர்க்கரைப் பக்கம் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, "உங்கப்பா மட்டும் இருந்திருந்தா இந்நேரம் காஞ்ச வெறகு கொண்டாந்து போட்டிருப்பாரு" என்பாள். விடிந்தால் விறகு கிடக்கும். "உங்கப்பா இருந்திருந்தா இப்படி நனைஞ்சுக்கிட்டு நிக்காம உள்ள போய்ப் படுத்திருப்பாரு" என்பாள். எதிர்க்கரையில் ஆள் எழுந்து சாய்ப்புக்குள் போகும். சில நாள் பொறுக்க முடியாமல் அவன் ஓடையைத் தாண்டி வருவான், நெல்லி வீட்டு வாசலில் இருக்கும் கடுக்காய் மரம் வரை வருவான், வீடு நடுங்கிப் பானை சட்டியெல்லாம் உருளப் பின்னால் நகரும், பிள்ளை திடுக்கிட்டு அழும். அவன் கையை உயர்த்தி, "போறேன், போறேன்" என்று வீட்டுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே திரும்பிப் போவான். தன் வீட்டுக்கு அவன் என்ன குறை வைத்தான் என்று எனக்குக் கோபமாக வரும், மேலுதட்டைத் தடவிக்கொள்வேன்.

பிள்ளைக்குப் பேர் வைக்கவில்லை. அந்த வீட்டில் ஒரு பேர் காத்துக்கொண்டிருக்கிறது, அதுதான் முதல் பிள்ளைக்கு. ஆனால் அதை வைத்தால் செத்தவர் முடிந்துபோவார். எங்களுக்குத் தெரிந்து பேர் பிள்ளைக்குப் போன பிறகு யாரும் இலைச் சோற்றுக்கு வந்ததில்லை. நெல்லி பூவரசு என்று கூப்பிட்டுப் பார்த்தாள், வீடு ஜன்னலைப் படபடவென்று அடித்தது. மயில் என்றாள், அடுப்பை அணைத்தது. பிறகு எல்லோரும் அதைப் பாப்பா என்றே கூப்பிட்டோம். ஆனால் பிறந்த வருஷம் போய் அடுத்த ஐப்பசி வந்து முதல் இடி தலைக்கு மேலே இடிக்கும்போது பிள்ளை பேரோடு இருக்க வேண்டும். பேர் இல்லாத பிள்ளையை இடி தன் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும். அப்படிப் போன பிள்ளைகளை மைனா சித்தி பார்த்திருக்கிறாள், அதைப் பற்றி அவள் பேசமாட்டாள்.

ஐப்பசி பிறந்தது. தெற்கே கறுத்தது. "வச்சிரு நெல்லி" என்றார் மூப்பர். "அவன் குடுத்தது புள்ளைக்காகத்தானே."

"அவரு முடிஞ்சிருவாரு மூப்பரே."

"அவன் முடிஞ்சவன்தாம்மா" என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார், சொன்ன வார்த்தை அவருக்கே பிடிக்கவில்லை.

எதிர்க்கரையிலிருந்து சத்தம் வந்தது. "ஏ, வச்சிருங்க! எனக்கு என்ன போச்சு? ஒரு வருஷம் பாத்துட்டேன்ல? பல்லு மொளைச்சதையும் பாத்தாச்சு!" நாங்கள் அத்தனை பேரும் காற்றடித்த மாதிரி இருந்தோம், ஆனால் யாருக்கும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. நெல்லி மட்டும் பிள்ளையிடம், "உங்கப்பாவுக்கு எப்பவும் அவசரம்" என்றாள்.

மத்தியானம் தூரத்தில் ஒரு இடி உருண்டது. பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது, யாரோ கூப்பிட்ட மாதிரி. அவ்வளவுதான், நெல்லி எழுந்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அன்றைக்குக் கை வைத்த அதே இடத்தில் சுவரில் கையை வைத்தாள். மழை அடித்துக்கொண்டு வந்து எதிர்க்கரையை மறைத்துவிட்டது. அவன் நிற்கிறானா, இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"கீரி வந்தாச்சு" என்றாள் நெல்லி வீட்டிடம். "நம்ம கீரி. கணக்குல சேத்துக்கோ."

கீரி. ஒரு வருஷமாக எங்கள் யார் நாக்கிலும் வராத பேர். வீடு அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு விட்டதை நான் கேட்டேன். இடி எங்கள் தலைக்கு நேர் மேலே இடித்துவிட்டுப் போனது. பிள்ளை அழவில்லை, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. நாங்கள் எல்லோரும் ஓடையைப் பார்த்து நின்றோம். மழையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. விறகு வந்து விழும் இடம் வெறுமனே நனைந்துகொண்டிருந்தது. நெல்லி சேற்றில் இறங்கி நின்று தொண்டை கிழியக் கத்தினாள். "கீரி! ஏ கீரி!"

"ம்" என்றது இடுப்பிலிருந்த பிள்ளை.

"என்னா?" என்றது எதிர்க்கரை.

இடுப்பளவுத் தண்ணீரில் தடுமாறிக்கொண்டு, தலையில் ஒரு தேக்கிலையைக் கவிழ்த்துக்கொண்டு, அவன் மழையிலிருந்து வெளியே வந்தான். கடுக்காய் மரத்தடியில் பழக்கத்தில் நின்றுவிட்டான். நாங்களும் பழக்கத்தில் குடத்தைப் பிடித்துக்கொண்டோம், ஆட்டை இழுத்துக்கொண்டோம். வீடு அசையவில்லை. அவன் ஓர் அடி வைத்தான். அசையவில்லை. கீரி வந்தாச்சு என்று அதற்குச் சொல்லியாயிற்று, கீரி என்றால் ஏன் என்று கேட்கிறவர் எல்லாம் அதன் ஆட்கள், பெரியது சின்னது என்று பிரித்துப் பார்க்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவன் படியருகில் வந்து நின்று நிலையைத் தொட்டான், தொட்ட கையை எடுக்கவே இல்லை. மூப்பர் அவனைப் பார்த்து, "வாப்பா கீரி" என்றார். நாங்கள் எல்லோரும் ஒரு வருஷத்துக்குப் பிறகு முகத்தைத் திருப்பி அவனை நேராகப் பார்த்தோம். எவ்வளவு இளைத்துப்போயிருந்தான்.

அவன் ஒரு காலைத் தூக்கி வாசற்படியில் வைக்கப் போனான்.

"சேத்துக் காலோட உள்ள வராத" என்றாள் நெல்லி. அழுதுகொண்டேதான் சொன்னாள். "கழுவிட்டு வா."

கீரி திரும்பிப் போய், கூரைத் தண்ணீர் கொட்டுகிற இடத்தில் நின்று, நிதானமாக, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் காலைக் கழுவினான். அவன் கழுவி முடித்து வரும்வரை வீடு காத்திருந்தது.